யாருடைய ஆள்? - அமெரிக்க வீட்டுத் தரகர்களின் கதை

1975ஆம் வருடம் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் ஏதோ ஓர் ஊர். கல்யாணமாகி இரண்டு மூன்று வருடமான ஒரு கணவனும் மனைவியும் கொஞ்சம் பணம் சேர்த்துக்கொண்டு முதல் வீடு வாங்கக் கிளம்புகிறார்கள். பேப்பரில் விளம்பரம் பார்த்து ஒரு ரியல் எஸ்டேட் ஏஜெண்டுக்கு போன் செய்கிறார்கள். தங்கமான மனிதர். தன்னுடைய காரிலேயே மூன்று ஞாயிற்றுக்கிழமை அழைத்துக்கொண்டு போய்ப் பத்து வீடு காட்டுகிறார். பள்ளிக்கூடம் எங்கே, கடைத்தெரு எங்கே, எந்த வங்கியில் கடன் சீக்கிரம் கிடைக்கும் என்று எல்லாம் சொல்லித் தருகிறார். பத்தாவது வீடு பிடித்துவிடுகிறது. வீட்டுக்காரர் கேட்கும் விலை 40,000 டாலர். காரில் திரும்பி வரும்போது கணவர் சொல்கிறார்: "முதல்ல 36,000ன்னு சொல்லிப் பாருங்க. ஒத்துக்கலைன்னா 39,000 வரைக்கும் நாங்க போகத் தயார்."

இப்போது அந்த ஏஜெண்ட் என்ன செய்ய வேண்டும்?

அன்றைய சட்டப்படி, அந்த 39,000 கணக்கை நேராகப் போய் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும்! சொல்லாவிட்டால்தான் தப்பு. ஏனென்றால், மூன்று ஞாயிறு கார் ஓட்டிய அந்த மனிதர் இவர்களுடைய ஆள் இல்லை. அதுவரை முகம்கூடப் பார்த்திராத வீட்டுக்காரருடைய ஆள். இது இவர்களுக்குத் தெரியாது. பல நேரம் அந்த ஏஜெண்டுக்கே சரியாகத் தெரியாது என்பதுதான் வேடிக்கை.

இந்த நிலைமை எப்படி வந்தது, எப்படி மாறியது, மாறியபிறகாவது சரியாகிவிட்டதா என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். 'தரகு வேலையில் என்னப்பா சரித்திரம்?' என்று நினைக்காதீர்கள். ஒரு சாதாரணக் குடும்பம் வாழ்க்கையில் செய்கிற மிகப் பெரிய செலவு வீடுதான். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கிறவர் யாருடைய ஆள் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்க அமெரிக்கர்களுக்கு நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

கட்சிக்காரரும் வாடிக்கையாளரும்

முதலில் கொஞ்சம் சட்டம். பயப்பட வேண்டாம், இரண்டு பத்திதான் :-)

ஏஜெண்ட் என்றால் இன்னொருவருக்காக, அவர் இடத்தில் நின்று காரியம் செய்கிறவர். இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் போன பொதுச் சட்டத்தில் ஏஜெண்டுக்குப் பெரிய கடமைகள் உண்டு. விசுவாசமாக இருக்க வேண்டும். சொன்னதைச் செய்ய வேண்டும். தெரிந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும். ரகசியத்தைக் காக்க வேண்டும். பணத்துக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். கவனத்தோடு வேலை செய்ய வேண்டும். இந்த ஆறும் சேர்ந்ததுதான் ஏஜெண்ட் வேலை.

ஆனால் இந்தக் கடமைகள் எல்லாம் யாருக்கு? அங்கேதான் விஷயம் இருக்கிறது. வக்கீலுக்குக் கட்சிக்காரர் இருப்பது போல ஏஜெண்டுக்கும் ஒரு கட்சிக்காரர் உண்டு. விசுவாசம், ரகசியம் எல்லாம் அவருக்குத்தான். எதிர்ப்பக்கம் நிற்பவர் வெறும் வாடிக்கையாளர். அவரிடம் பொய் சொல்லக்கூடாது, ஏமாற்றக்கூடாது. அதற்கு மேல் அவருக்கென்று எதுவும் செய்ய வேண்டியதில்லை. கட்சிக்காரரா, வாடிக்கையாளரா என்ற இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மீதிக் கதை முழுவதும் சுலபமாகப் புரிந்துவிடும்.

சங்கம் பிறந்த கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் வீடு, நிலம் விற்றுக் கொடுக்க யாருக்கும் எந்த லைசென்ஸும் தேவையில்லை. ஒரே வீட்டை நாலைந்து தரகர்களிடம் சொல்லி வைப்பார்கள். யார் முதலில் ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறாரோ அவருக்குக் கமிஷன். இதற்குத் 'திறந்த லிஸ்டிங்' என்று பெயர். இதில் தரகர்களுக்குள் சண்டை ஓயாது. 'நான் கூட்டி வந்த ஆளை நீ கொத்திக்கொண்டு போய்விட்டாய்' என்பதுதான் தினசரி வழக்கு.

அந்த நூற்றாண்டின் கடைசியில் தரகர்கள் ஊருக்கு ஊர் கூடிப் பேச ஆரம்பித்தார்கள். 'என்னிடம் இந்த வீடு இருக்கிறது, நீ ஆள் கொண்டு வந்தால் கமிஷனில் உனக்கும் பங்கு' என்று தகவலைப் பகிர்ந்துகொண்டார்கள். 1908ல் சிகாகோவில் இந்த ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து ஒரு தேசிய சங்கத்தைத் தொடங்கின. இன்று நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ரியல்டர்ஸ் என்று அழைக்கப்படும் சங்கம் அதுதான். (சுருக்கமாக என்.ஏ.ஆர். என்று சொல்லிக்கொள்வோம்.) 1913ல் உறுப்பினர்களுக்கு நன்னடத்தை விதிகள் வந்தன. 1916ல் மினியாபொலிஸ் நகரத் தரகர் சார்ல்ஸ் சாட்போர்ன், சங்க உறுப்பினர்களை மற்றத் தரகர்களிடமிருந்து பிரித்துக் காட்ட 'ரியல்டர்' என்ற சொல்லையே உருவாக்கினார். 1919ல் கலிஃபோர்னியாவில் தரகர்களுக்கு லைசென்ஸ் சட்டம் வந்தது. மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தன.

தெருவில் சுற்றிய தரகு வேலை, விதிகள் உள்ள தொழிலாக மாறியது இப்படித்தான். நல்ல விஷயம்தான், சந்தேகமில்லை. ஆனால் இந்த விதிகளுக்கு நடுவில் ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. விற்பவருக்கு ஏஜெண்ட் உண்டு, ஒப்பந்தம் உண்டு. வாங்குபவருக்கு? அவரைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

விற்பவர் போடும் ஒப்பந்தங்கள்

விற்பவர் பக்கம் மட்டும் வகைவகையாக ஒப்பந்தங்கள் வளர்ந்தன.

1. திறந்த லிஸ்டிங்: மேலே சொன்னதுதான். எத்தனை தரகரிடம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். வீட்டுக்காரர் தானே ஆள் பிடித்து விற்றால் யாருக்கும் கமிஷன் இல்லை.

2. தனி ஏஜென்சி லிஸ்டிங்: ஒரே ஒரு தரகரிடம் மட்டும் கொடுப்பது. ஆனால் வீட்டுக்காரர் தானே விற்றுவிட்டால் கமிஷன் கிடையாது.

3. தனி விற்பனை உரிமை: ஒரே தரகர். ஒப்பந்தக் காலத்துக்குள் யார் விற்றாலும், வீட்டுக்காரர் தன் மச்சானுக்கே விற்றாலும், தரகருக்குக் கமிஷன் உண்டு. தரகர்களுக்கு மிகப் பிடித்தது இதுதான் என்று சொல்லவே வேண்டாம். காலப்போக்கில் அமெரிக்காவில் இதுவே வழக்கமாகிவிட்டது.

4. நிகர லிஸ்டிங்: 'எனக்கு 2 லட்சம் வந்தால் போதும், மேலே கிடைப்பது உனக்கு' என்பது. இதில் தரகர் வீட்டுக்காரரிடம் உண்மை விலையை மறைக்க ஆசைப்படுவார் இல்லையா? அதனால் பல மாநிலங்களில் இதற்குத் தடை. தடை இல்லாத இடத்திலும் நல்ல பெயர் இல்லை.

எம்.எல்.எஸ்.ஸும் துணை ஏஜெண்டும்

தகவல் பகிரும் அந்தப் பழைய பழக்கம் வளர்ந்து 'மல்ட்டிபிள் லிஸ்டிங் சர்வீஸ்' ஆனது. சுருக்கமாக எம்.எல்.எஸ். ஒரு ஊரில் விற்பனைக்கு வரும் வீடுகளின் பட்டியல். முதலில் அட்டைகள், பிறகு தடித் தடியான புத்தகங்கள், பிறகு கம்ப்யூட்டர். ஒரு தரகர் தன்னிடம் வந்த வீட்டைப் பட்டியலில் போட்டால் ஊரில் உள்ள எல்லாத் தரகர்களும் அதற்கு ஆள் தேடுவார்கள். விற்பவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. வாங்குபவருக்கும் ஒரே இடத்தில் எல்லா வீடும் தெரிந்துவிடும்.

சிக்கல் கமிஷனில் இருந்தது. வீடு 3 லட்சம் டாலருக்கு விற்கிறது, கமிஷன் 6 சதவீதம் என்றால் 18,000 டாலர். விற்பவர் தன் தரகருக்குக் கொடுக்க வேண்டும். அந்தத் தரகர் அதில் பாதியை, 9,000 டாலரை, ஆள் கொண்டு வந்தவருக்குக் கொடுப்பார். ஆள் கொண்டு வந்தவர் எந்த உரிமையில் அந்தப் பணத்தை வாங்குகிறார்? விற்பவரோடு அவருக்கு ஒப்பந்தமே கிடையாதே! இதற்குக் கண்டுபிடித்த வழிதான் 'துணை ஏஜெண்ட்'. எம்.எல்.எஸ்.ஸில் ஒரு வீட்டைப் போட்டாலே, ஊரில் உள்ள மற்றத் தரகர்கள் அனைவரையும் விற்பவருடைய துணை ஏஜெண்டுகளாக அழைத்ததாக அர்த்தம்.

முதலில் சொன்ன அந்த 1975 காட்சிக்கு விளக்கம் இதுதான். கார் ஓட்டியவர் விற்பவரின் துணை ஏஜெண்ட். சட்டத்தின் கண்ணில் வாங்குபவர் ஒரு வாடிக்கையாளர் மட்டுமே. அதனால்தான் அவர் மனம் விட்டுச் சொன்னதெல்லாம் எதிர்ப்பக்கம் போக வேண்டியிருந்தது.

இதில் விற்பவருக்கும் ஆபத்து இருந்தது என்பதை மறக்கக்கூடாது. ஏஜெண்ட் செய்யும் தப்புக்கு எஜமானரும் பொறுப்பு. எங்கோ இருக்கும் ஒரு துணை ஏஜெண்ட் 'இந்தக் கூரை புதுசு, இருபது வருஷம் தாங்கும்' என்று கதை விட்டால், அவரைப் பார்த்தே இராத வீட்டுக்காரர் மேல் வழக்கு வரலாம்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கமிஷன் எத்தனை சதவீதம் என்பதைப் பல ஊர்ச் சங்கங்களே அட்டவணை போட்டு நிர்ணயித்தன. தலைநகர் வாஷிங்டனில் இருந்த சங்கத்தின் மேல் அரசு வழக்குப் போட்டது. 1950ல் உச்ச நீதிமன்றம், தரகர்கள் கூடிப் பேசிக் கமிஷனை நிர்ணயிப்பது போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. அட்டவணை போனது. ஆனால் 'யார் கொடுக்கிறார்கள், யாருக்கு வேலை செய்கிறார்கள்' என்ற முடிச்சு மட்டும் அவிழவில்லை. அது 2024 வரை தொடர்ந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

1983: அரசு கேட்ட கேள்வி

1983ல் ஃபெடரல் டிரேட் கமிஷன் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. (இது தரகர் வாங்கும் கமிஷன் இல்லை, போட்டியையும் நுகர்வோரையும் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு!) வீடு வாங்கியவர்களிடம் கேட்டார்கள்: உங்களுக்கு வீடு காட்டிய ஏஜெண்ட் யாருடைய ஆள்? பத்துப் பேரில் ஏழு பேருக்கு மேல் 'எங்களுடைய ஆள்தான்' என்றார்கள். சட்டமோ நேர் எதிராகச் சொல்லிக்கொண்டிருந்தது.

யோசித்துப் பாருங்கள். நாடு முழுவதும் லட்சக்கணக்கானவர்கள், எதிர்க்கட்சி வக்கீலைத் தங்கள் வக்கீல் என்று நினைத்துக்கொண்டு ரகசியத்தை எல்லாம் கொட்டியிருக்கிறார்கள்.

அடுத்த வருடமே கலிஃபோர்னியாவில் ஒரு முக்கியமான தீர்ப்பு வந்தது. 1976ல் டயாப்லோ என்ற இடத்தில் ஒரு வீடு 1,70,000 டாலருக்கு விற்கப்பட்டது. ஒரு ஏக்கர் இடம், நீச்சல் குளம், விருந்தினர் வீடு எல்லாம் உண்டு. வாங்கிய கொஞ்ச காலத்திலேயே மண் சரிந்தது. சரியாகக் கெட்டிப்படுத்தாமல் மண்ணைக் கொட்டி நிரப்பிய இடத்தில் அந்த வீட்டைக் கட்டியிருந்தார்கள். வீட்டின் மதிப்பு 20,000 டாலர் வரை இறங்கிவிட்டது என்று நிபுணர் சாட்சி சொன்னார். முன்பே மண் சரிந்ததை விற்றவர்கள் தரகர்களிடமும் சொல்லவில்லை. ஆனால் தரகர்களில் ஒருவர் சரிவில் வலை போட்டிருந்ததைப் பார்த்திருந்தார். இன்னொருவர் விருந்தினர் வீட்டின் தரை சமமாக இல்லாததைக் கவனித்திருந்தார். இருவருமே மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

1984ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: விற்பவரின் தரகராக இருந்தாலும், வீட்டைக் கவனமாகப் பார்த்து, தெரிய வரும் குறைகளை வாங்குபவருக்குச் சொல்ல வேண்டிய கடமை உண்டு. தெரிந்ததை மறைக்காமல் இருந்தால் மட்டும் போதாது, தெரிந்துகொண்டிருக்க வேண்டியதையும் சொல்ல வேண்டும்! 1985ல் கலிஃபோர்னியா இதைச் சட்டமாகவே எழுதியது. பிறகு, ஏஜெண்ட் யாருடைய ஆள் என்பதை எழுத்தில் சொல்லியாக வேண்டும் என்ற சட்டமும் வந்து, 1988 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. மற்ற மாநிலங்களும் இதே போல வெளிப்படுத்தும் படிவங்களைக் கொண்டு வந்தன.

வாங்குபவருக்கும் ஓர் ஆள்

படிவத்தில் உண்மையை எழுதியதும் ஒரு விபரீதம் நடந்தது. 'நான் விற்பவருடைய ஆள், உங்களுடைய ஆள் இல்லை' என்று ஏஜெண்ட் கையெழுத்து வாங்கினால் வாங்குபவர் என்ன கேட்பார்? "அப்படியானால் என்னுடைய ஆள் எங்கே?"

1980களில் 'வாங்குபவரின் ஏஜெண்ட்' என்று சொல்லிக்கொண்டு சிலர் முன்வந்தார்கள். ஆரம்பத்தில் மற்றத் தரகர்கள் இவர்களைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். விற்பவர் கொடுக்கும் கமிஷனில் எதிர்ப்பக்கத்து ஆளுக்கு எதற்குப் பங்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் காலம் மாறிவிட்டது. 1992ல் என்.ஏ.ஆரின் ஆலோசனைக் குழு, எம்.எல்.எஸ்.ஸில் துணை ஏஜெண்ட் முறையைக் கட்டாயமாக்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. 1993 முதல் அந்தக் கட்டாயம் போனது. சில வருடங்களிலேயே துணை ஏஜெண்ட் என்பவர் பல ஊர்களில் காணாமல் போய்விட்டார். 1995ல், விற்பவர்களை ஏற்கவே மாட்டோம், வாங்குபவர்களுக்கு மட்டும்தான் வேலை செய்வோம் என்ற தரகர்கள் தங்களுக்கென்று தனிச் சங்கமே தொடங்கினார்கள்.

காலி நாற்காலியில் ஒருவழியாக ஆள் உட்கார்ந்தாயிற்று. கதை முடிந்தது என்று நினைக்கிறீர்களா? இங்கேதான் அடுத்த சிக்கல்.

இரண்டு தோணியில் கால்

ஒரு பெரிய தரகு நிறுவனத்தில் ஆயிரம் ஏஜெண்டுகள் வேலை செய்கிறார்கள். ஒருவர் விற்பவருக்கு ஏஜெண்ட். அதே நிறுவனத்தின் இன்னொருவர் வாங்குபவருக்கு ஏஜெண்ட். அமெரிக்கச் சட்டத்தில் ஒப்பந்தம் போடுவது தனி ஏஜெண்டோடு அல்ல, அவருக்கு மேலே உள்ள புரோக்கரோடு, அதாவது நிறுவனத்தோடு. அப்படியானால் அந்த நிறுவனம் இரண்டு பக்கத்துக்கும் ஆள்! இதற்குப் பெயர் 'இரட்டை ஏஜெண்ட்'.

ஒருவருக்கு அதிக விலை வாங்கித் தர வேண்டும், இன்னொருவருக்குக் குறைந்த விலைக்கு முடித்துத் தர வேண்டும். இருவருடைய ரகசியத்தையும் காக்க வேண்டும், இருவரிடமும் எதையும் மறைக்கக் கூடாது. நடக்கிற காரியமா? இருவருக்கும் நன்றாகத் தெரிந்து, இருவரும் சம்மதித்தால் செய்யலாம் என்று பல மாநிலங்கள் சொல்லின. ஆனால் 'நன்றாகத் தெரிந்து' என்றால் என்ன?

1993ல் மினசோட்டாவில் இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்குப் போனது. வீடு விற்றவர்கள் பலர் சேர்ந்து ஒரு பெரிய நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். நிறுவனம், சட்டம் சொன்னபடி படிவத்தில் வெளிப்படுத்தினோமே என்றது. நீதிமன்றம், அந்தப் படிவம் போதாது, இரட்டை ஏஜென்சியால் தாங்கள் எதை இழக்கிறோம் என்பது கட்சிக்காரருக்குப் புரிந்திருக்க வேண்டும் என்றது. இந்தத் தீர்ப்பைப் பார்த்து நாடு முழுவதும் தரகு நிறுவனங்கள் அரண்டுபோயின. நிறுவனம் பெரிதாக ஆக, இரட்டை ஏஜென்சி தினசரி நடக்கும் விஷயம் அல்லவா?

மாநில சட்டசபைகள் ஆளுக்கொரு வழி கண்டுபிடித்தன.

ஒரு வழி 'நியமன ஏஜெண்ட்'. ஒரே நிறுவனத்துக்குள் ஒருவரை விற்பவருக்கு என்றும் இன்னொருவரை வாங்குபவருக்கு என்றும் நியமித்துவிடுவது. அவரவர் தன் கட்சிக்காரருக்கு மட்டும் விசுவாசம். நடுவில் ஒரு சுவர் இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். டெக்சாஸில் 1996 முதல் 'இடையாள்' என்ற பெயரில் இதைப் போன்ற ஏற்பாடு இருக்கிறது.

இன்னொரு வழி 'டிரான்ஸாக்‌ஷன் புரோக்கர்'. இவர் யாருக்குமே ஏஜெண்ட் இல்லை. பத்திரம், தேதி, பணம் எல்லாம் சரியாக நடக்கப் பார்த்துக்கொள்வார். நேர்மையாக இருப்பார். ஆனால் யார் பக்கமும் வாதாட மாட்டார். கொலராடோ 1994ல் இதைச் சட்டத்தில் கொண்டு வந்தது. ஃப்ளோரிடா 1997ல் இரட்டை ஏஜென்சியையே தடை செய்துவிட்டு இந்த வழிக்குப் போனது. இன்று ஃப்ளோரிடாவில், வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் உங்கள் தரகரை நடுநிலையான டிரான்ஸாக்‌ஷன் புரோக்கர் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். 'என் ஏஜெண்ட், என் ஏஜெண்ட்' என்று சொல்லிக்கொண்டிருப்பவருக்கு உண்மையில் ஏஜெண்டே இல்லாமல் இருக்கலாம்!

சுவரில் விழுந்த ஓட்டை

நிறுவனத்துக்குள் இருக்கும் அந்தக் கற்பனைச் சுவர் எவ்வளவு தாங்கும்? கலிஃபோர்னியாவின் மாலிபு கடற்கரையில் ஒரு மாளிகை வழக்கு இதைக் காட்டியது. கலிஃபோர்னியாவில் நியமன ஏஜெண்ட் முறை கிடையாது, இரட்டை ஏஜென்சி உண்டு. அந்த வீடு விற்பனைக்கு வந்தபோது சுமார் 15,000 சதுர அடி என்று விளம்பரம். நகராட்சியின் கட்டிட அனுமதியைக் கூட்டிப் பார்த்தால், கார் நிறுத்தும் இடம் உட்பட, 11,050 சதுர அடிதான் வருகிறது. விற்பவரின் ஏஜெண்ட், முன்பு வந்த ஒரு தம்பதியிடம் 'அளவை நீங்களே ஒரு நிபுணரை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்' என்று எழுதிக் கொடுத்திருந்தார். அவர்கள் விலகிக்கொண்டார்கள். அடுத்து வந்து வாங்கியவருக்கு அந்த எச்சரிக்கை போகவில்லை. அவர் கொடுத்த விலை 1 கோடியே 22.5 லட்சம் டாலர்.

வாங்கியவருக்கும் ஓர் ஏஜெண்ட் இருந்தார். ஆனால் அவரும் அதே நிறுவனம், வேறு கிளை. விற்பவரின் ஏஜெண்ட், 'நான் விற்பவருக்கு மட்டும்தானே ஆள்' என்றார். 2016ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நிறுவனம் வாங்குபவருக்குக் கடமைப்பட்டிருந்தால், அதன் கீழே வேலை செய்யும் உங்களுக்கும் அதே கடமை உண்டு, விலையைப் பாதிக்கும் விஷயங்களைத் தெரிந்து சொல்லியிருக்க வேண்டும் என்றது. இரண்டு தோணியில் கால் வைத்தால் இரண்டுக்கும் துடுப்புப் போடத்தான் வேண்டும்.

பணம் யாருடையது?

இப்போது 1950லிருந்து பாக்கி இருந்த முடிச்சுக்கு வருவோம்.

வாங்குபவருக்குத் தனி ஏஜெண்ட் வந்த பிறகும் அவருடைய சம்பளம் எங்கிருந்து வந்தது? விற்பவர் கொடுக்கும் அதே கமிஷனிலிருந்துதான். 1990களில் துணை ஏஜெண்ட் கட்டாயம் போனபோது, அதன் இடத்தில் இன்னொரு கட்டாயம் வந்து உட்கார்ந்தது. எம்.எல்.எஸ்.ஸில் வீட்டைப் போட வேண்டுமானால், ஆள் கொண்டு வருபவருக்கு எவ்வளவு பங்கு என்பதைச் சொல்லியாக வேண்டும்.

இதனால் வாங்குபவரிடம் 'என் சேவை உங்களுக்கு இலவசம்' என்று ஏஜெண்ட் சொல்ல முடிந்தது. இலவசமா? விற்பவர் அந்தப் பணத்தை வீட்டு விலையிலிருந்துதானே எடுத்துக் கொடுக்கிறார்? அது மட்டுமல்ல. வாங்குபவரின் ஏஜெண்டுக்கு 3 சதவீதம் என்றால், அவர் கஷ்டப்பட்டுப் பேரம் பேசி விலையில் 10,000 டாலர் குறைத்தால் அவருக்கே 300 டாலர் நஷ்டம்! அதிகப் பங்கு தரும் வீட்டை முதலில் காட்டும் ஆசையும் வரும். எல்லா ஏஜெண்டும் அப்படி என்று சொல்லவில்லை. நல்லவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் ஒரு மனிதர் தன் நலத்துக்கு எதிராக நல்லவராக இருந்தால்தான் வேலை நடக்கும் என்றால், அந்த ஏற்பாட்டில் கோளாறு இருக்கிறது.

2019ல் மிசௌரி மாநிலத்தில் வீடு விற்றவர்கள் வழக்குப் போட்டார்கள். 'எதிர்ப்பக்கத்து ஏஜெண்டுக்கு நாங்கள் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?' என்பதுதான் கேள்வி. 2023 அக்டோபர் 31 அன்று கான்சாஸ் சிட்டியில் ஜூரி அவர்கள் பக்கம் நின்றது. சுமார் 178 கோடி டாலர் இழப்பீடு! 2024 மார்ச்சில் என்.ஏ.ஆர். 41.8 கோடி டாலர் கொடுக்கவும், விதிகளை மாற்றவும் ஒப்புக்கொண்டு சமரசம் செய்தது.

2024 ஆகஸ்ட் 17 முதல் இரண்டு மாற்றங்கள் வந்தன. ஒன்று, வாங்குபவரின் ஏஜெண்டுக்கு இவ்வளவு என்று எம்.எல்.எஸ்.ஸில் போடக் கூடாது. இரண்டு, வீடு காட்டுவதற்கு முன்பே வாங்குபவரோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, எவ்வளவு சம்பளம் என்பதை அதில் சொல்ல வேண்டும். விற்பவர் விரும்பினால் இப்போதும் கொடுக்கலாம், அதைத் தனியாகப் பேசிக்கொள்ள வேண்டும்.

இதனால் எல்லாருக்கும் நன்மையா? அப்படி அடித்துச் சொல்ல முடியாது. முன்பணத்துக்கே திணறும் ஒரு குடும்பம், ஏஜெண்டுக்கும் கையிலிருந்து சில ஆயிரம் டாலர் எடுத்து வைக்க வேண்டி வரலாம். முன்னாள் ராணுவத்தினருக்கான அரசுக் கடனில் வீடு வாங்குபவர்கள், தங்கள் ஏஜெண்டுக்குத் தாங்களே பணம் கொடுக்கக் கூடாது என்று ஒரு பழைய விதியே இருந்தது. அவர்களைப் பாதுகாக்கப் போட்ட விதி! புதிய முறையில் அதுவே அவர்களுக்கு ஏஜெண்ட் கிடைக்காமல் செய்துவிடும் என்பதால் 2024 ஆகஸ்டில் அதைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். பணம் இல்லாதவர் ஏஜெண்டே இல்லாமல் பேரம் பேசப் போனால், பழைய 1975 தம்பதியின் இடத்துக்கே திரும்பிப் போவார்.

கடைசியாக...

மொத்தக் கதையையும் ஒரு முறை திரும்பிப் பார்ப்போம். விற்பவரின் ஏஜெண்ட், துணை ஏஜெண்ட், வாங்குபவரின் ஏஜெண்ட், இரட்டை ஏஜெண்ட், நியமன ஏஜெண்ட், டிரான்ஸாக்‌ஷன் புரோக்கர் என்று ஆறு வகை. தேர்வுக்குப் படிக்கிறவர்கள் இதை ஒரு பட்டியலாக மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் இவை யாரோ ஒரே நாளில் உட்கார்ந்து பிரித்த வகைகள் இல்லை. கமிஷனைப் பங்கு போட ஒரு பெயர். வாங்குபவர் விழித்துக்கொண்டதும் ஒரு பெயர். நிறுவனங்கள் பெரிதானதும் ஒரு பெயர். வழக்கு வந்ததும் இன்னொரு பெயர். பெயர் மாறும்போதெல்லாம் கேள்வி ஒன்றேதான்: நீங்கள் யாருடைய ஆள்?

இன்னொன்று. பணம் யார் கொடுக்கிறார் என்பதும் விசுவாசம் யாருக்கு என்பதும் இரண்டு தனித்தனிக் கேள்விகள். சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. விற்பவர் பணம் கொடுத்தாலும் ஏஜெண்ட் வாங்குபவருடைய ஆளாக இருக்கலாம். ஆனால் மக்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டார்கள். அந்தக் குழப்பம் தொழிலுக்கு வசதியாக இருந்ததால் யாரும் அவசரப்பட்டுத் தீர்க்கவில்லை. தீர்த்ததெல்லாம் ஓர் அரசு ஆய்வு, சில வழக்குகள், மண் சரிந்த ஒரு வீடு, அளவு குறைந்த ஒரு மாளிகை.

டல்லாஸிலும் நியூ ஜெர்சியிலும் இருக்கும் அண்ணன், அக்கா யாராவது வீடு பார்த்துக்கொண்டிருந்தால் இதை அவர்களுக்கு அனுப்புங்கள். ஏஜெண்டின் காரில் ஏறும் முன்பே மூன்று விஷயம் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் யாருடைய ஆள்? நான் சொல்வதை யாரிடம் சொல்வீர்கள்? நான் பார்க்கும் வீடு உங்கள் நிறுவனத்துடையதாகவே இருந்தால் என்ன ஆகும்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் கிடைக்கும் வரை, எவ்வளவு தங்கமான மனிதராக இருந்தாலும், அந்த 39,000 கணக்கை மட்டும் வாய் திறந்து சொல்ல வேண்டாம்.

உங்கள் கருத்துகளைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். மீண்டும் சந்திப்போம்!